மெதுவாகக் கரையும் மாத்திரை

மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. தான் விற்ற பென்டாக்சிஃபைலின் மாத்திரையைப் பற்றி அவர் ஆரம்பித்தால் போதும், வந்த விருந்தாளி செருப்பைத் தேடுவார். காபியில் இருக்கும் காஃபீனுக்கு அது பங்காளி முறையாம். விறைத்துப்போன சிவப்பணுக்களை வளைந்து கொடுக்க வைக்குமாம். கெட்டிப்பட்ட ரத்தம் இளகி, மயிரிழைக் குழாயிலும் புகுந்து ஓடுமாம். துணிக்கடைக் கல்லாவில் நாளெல்லாம் நின்று அலுத்து வரும் மனைவிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அப்பேர்ப்பட்டவருக்கே கால் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தது. தெருமுனை வரை நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் விடும். டாக்டர் அதே மாத்திரையை எழுதினார். சிகரெட்டை விடணும், வலித்தாலும் தினமும் நடக்கணும், இல்லாவிட்டால் காலுக்கே ஆபத்து என்றும் சொன்னார். அதெல்லாம் இவர் காதில் ஏறவில்லை. டாக்டர்களுக்கே வகுப்பெடுத்தவராயிற்றே!

சில நாளிலேயே பொறுமை போய்விட்டது. சீக்கிரம் கேட்கட்டும் என்று மாத்திரையைக் கரண்டியால் நொறுக்கினார். முழுசாக விழுங்கச் சொன்னார்களே என்று அவள் தடுத்தாள்.

"மெதுவா கரையுற கதையெல்லாம் நாங்க விக்கிறதுக்காகச் சொன்னது. உனக்கு என்ன தெரியும்?"

சிறுகச் சிறுக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கியது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துக் குளியலறை வாசலில் சரிந்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்; அந்த மாத்திரை இனி இவருக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். இவர் அளந்ததில் பாதி புளுகு. மெதுவாகக் கரைகிற விஷயம் மட்டும் அப்பட்டமான உண்மை. ஊரையே நம்பவைத்த மகானுபாவர், சொந்தக் காலுக்கு வந்தபோது அதைத்தான் பொய் என்று நினைத்திருக்கிறார். அவளுக்கு எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது.

இனி மிச்சம் நடைதான். அவள் சிகரெட் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவரைத் தெருவில் இறக்கினாள். நாலு வீடு தாண்டுவதற்குள் கால் கவ்விக்கொண்டது. சுவரைப் பிடித்து நின்றவர், டாக்டரிடம் கேட்க வாய் வராத கேள்வியை அவளிடம் கேட்டார்.

"கால் போயிடுமா?"

பயம் அவளுக்கும்தான். போகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

"தெரியலைங்க. வலி விட்டதும் நடங்க."