காதுக்காரருக்குக் கொடுத்த மீதி

காதுக்காரருக்கு நான் நாலாயிரத்து இருநூறு கடன்பட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, முப்பது வருடம் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியே இரண்டு வீடு கட்டியவன் நான். இரண்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு, பின்கட்டு ஒற்றையறையில் நானும் மனைவியும் இருக்கிறோம். பணம் சேர்வது அப்படித்தான். கடன் என்ற சொல்லே எனக்கு ஆகாது. இந்தக் கடன் அவரே போட்ட நிபந்தனையால் வந்தது.

அவர் கணினிச் சாமான் விற்பவர். குடியிருப்பது ரயில் பாதையை ஒட்டி. அமைதியின் அருமை தெரிந்தவர். கணினிக்குள் மாட்டும் எந்த விசிறியையும் ஓடவிட்டுக் காதோரம் பிடித்துக் கேட்காமல் விற்கமாட்டார்; அதனால்தான் அந்தப் பெயர்.

பட்டறையை மூடியபின் பழைய கல்யாண வீடியோக்களைக் கணினியில் ஏற்றிச் சுருக்கித் தரும் தொழிலில் இறங்கினேன். எங்கள் தெருவில் நான்தான் முதல். அந்தக் கணினி கட்டிலருகே மாவு மில் மாதிரி இரையும். மனைவி இரவுப் பணி பார்க்கும் நர்ஸ், பகலில்தான் தூக்கம்.

“இன்னொரு நாள் என் தூக்கம் கெட்டுச்சு, அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அந்தப் பெட்டியே உங்களுக்குச் சோறாக்கிப் போடட்டும்!”

நேராகக் காதுக்காரர் கடைக்குப் போய், மனைவியின் தூக்கம் கெடுவதைச் சொல்லி, இருப்பதிலேயே வேகமான பிராசசரும் ஐந்து விசிறியும் கேட்டேன்.

“அண்ணே, ஹெலிகாப்டரா கட்டப் போறீங்க?” என்றார் காதுக்காரர்.

ஒரு படி குறைந்த பிராசசர், அதன்மேல் சூட்டை இழுக்கச் செங்கல் பருமனில் அலுமினியத் தகடுகள், மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி ஒன்று, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்று எடுத்து வைத்தார். “ஒரு மணி நேர வேலைக்குப் பத்து நிமிஷம் கூட ஆகும். ஆனா சூடு கம்மி, சத்தம் வராது. இப்ப பாதி போதும். மீதி நாலாயிரத்து இருநூறை, அண்ணி நிம்மதியாத் தூங்கினப்புறம் குடுங்க.”

எனக்குத் தெரியாததா? அவரைச் சோதித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் கணினி ஓடியது. சத்தமே இல்லை. அதுதான் வினையாயிற்று. இரைச்சல் கேட்டால்தான் மோட்டார் ஓடுகிறது என்று நம்புகிற ஆள் நான். வாசலில் இருந்தவன் கதவைத் திறந்து உள்ளே போய், விசிறி முன் கையை நீட்டினேன். காற்று வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி போனேன். ஐந்தாவது தடவை மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

உடனே காதுக்காரரை வரவழைத்தேன். “முழிச்சிட்டா தம்பி. மீதி கிடையாது!”

அவர் கணினியில் காதை வைத்தார். பிறகு கதவை ஒரு தரம் திறந்து மூடினார். அது கிறீச்சிட்டது.

“இது என் கடைச் சாமான் இல்லண்ணே.”

“பெட்டி பாவம், வாயே திறக்கல தம்பி,” என்றாள் மனைவி. “இவர்தான் நிமிஷத்துக்கொரு தரம் வந்து அதுக்கு நாடி பார்க்கிறார். அக்கா வீட்டுக்கு யாராவது போகணும்னா இவர் போகட்டும்.”

ஆணியில் தொங்கிய என் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தாள். எண்ணியது அவள், சம்பாதித்தது நான். நாலாயிரத்து இருநூறும் தாள் தாளாகக் காதுக்காரர் விரித்த உள்ளங்கையில் விழுந்தது.