ரிலீவர் வராமல் நகராத கயல்

மழலையர் பள்ளி டீச்சர் வேலையில் பாடம் நடத்துவது பாதிதான். பிப்ரவரி பிறந்தால் பெற்றோர்களுக்கு ஜோசியமும் பார்க்க வேண்டும். “ஒண்ணாம் வகுப்புக்கு எந்த ஸ்கூல் மிஸ்?” என்று கேட்டுத் தவித்தவர்களும், கேட்கப்பட்டு விழித்தவர்களும் என் கட்சி. நெய்வேலி டவுன்ஷிப்பில் யு.கே.ஜி. எடுக்கிறேன். போன வருடம் என்னைத் திணறடித்தவள் கயல்.

குழாயடி டியூட்டி

என் வகுப்பில் ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. கை கழுவும் குழாயை யாரும் திறந்து போட்டுவிட்டுப் போகாமல் பார்ப்பது கயலின் வேலை. செய்தித்தாளையே தடங்கலில்லாமல் வாசிக்கிற குழந்தைக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். மணி அடித்து எல்லாரும் வகுப்புக்கு வந்தாயிற்று, அவள் மட்டும் குழாயடியிலேயே நின்றாள். கூப்பிட்டேன், அதட்டினேன், அசையவில்லை.

அவள் அப்பா முருகன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வந்து பொறுப்பேற்காமல் அங்கே யாரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். என் அதட்டலுக்குக் கயல் சொன்ன பதில்: “ரிலீவர் இன்னும் வரல மிஸ்.”

பெரிய பள்ளி

அவள் படிப்பைப் பார்த்து, பெரிய பள்ளி ஒன்றுக்கு அழைத்துப் போகும்படி நான்தான் சொன்னேன். நேரே இரண்டாம் வகுப்பிலேயே போடுவார்கள் என்றுகூட ஆசை காட்டினேன். அங்கே ஒரு டீச்சர் அவள் முன்னால் மரக்கட்டைகளைக் கொட்டி, “பார்த்துக்கோ, வந்துடறேன்” என்று போயிருக்கிறார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவர் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார். கட்டைகளை விட்டுவிட்டு இவள் போவாளா?

மறுநாள் அவள் அம்மா செல்வி என் எதிரே அழுதார். “கூப்ட கூப்ட உக்காந்துகினே இருந்துச்சு மிஸ். காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிட்டாங்க.”

நைட் ஷிப்ட் முடிந்து

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அந்தப் பெரிய பள்ளியில் சொன்னார்களாம். நைட் ஷிப்ட் முடித்த சிவந்த கண்களோடு முருகன் வந்தார். ரிலீவர் பேச்சையெல்லாம் விட்டுவிடும்படி மகளுக்கு நான் சொல்ல வேண்டுமாம்.

“உங்க ரிலீவர் வரலன்னா நீங்க எறங்கிடுவீங்களா?” என்று கேட்டேன்.

“எப்டிங்க? பெல்ட்டு ஓடிக்கினு இருக்குமே” என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட் வரை போனவர் திரும்பி வந்தார். “வேணாம் மிஸ். அத மறந்துடுன்னு நான் எந்த வாயால சொல்றது?”

ஒரே கேள்வி

அதன்பிறகு அவர் ஏறி இறங்கிய பள்ளிகளில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்: “மணி அடிச்சும் புள்ள எழுந்திரிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?” எழுப்புவோம், கண்டிப்போம், உங்களைக் கூப்பிடுவோம் என்றார்கள். பக்கத்து பிளாக்கில் இருக்கும் சின்னப் பள்ளியில்தான் சேர்த்தார். ஒன்றாம் வகுப்பு, வாசிப்புக்கு மட்டும் மூன்றாம் வகுப்பில் போய் உட்காரலாம். அந்தத் தலைமை ஆசிரியை சொன்னது இவ்வளவுதான்: “ஏன் எழுந்திரிக்கலன்னு கேப்போங்க.”

கடைசி நாள்

எங்கள் பள்ளியில் கடைசி நாள். எல்லாக் குழந்தைகளும் போய்விட்டார்கள், செல்வி கேட்டில் காத்திருந்தார், கயல் குழாயடியில் நின்றாள். அடுத்த யு.கே.ஜி. வர ஜூன் ஆகும். வேறு வழியில்லாமல் நானே போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு பொறுப்பை ஒப்படைத்தாள். “குழாய் லேசா ஒழுவுது மிஸ். உட்டுட்டுப் போயிடாதீங்க.”

இந்த பிப்ரவரியிலும் எந்த ஸ்கூல் என்று கேட்டுப் பெற்றோர்கள் வருகிறார்கள், நானும் குழாயடியில் நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஜூனில் வந்த யு.கே.ஜி.யில் அவளைப் போல யாரும் அமையவில்லை, எனக்கு ரிலீவர் இன்னும் வரவில்லை.