வேகத்தடையில் சுண்ணாம்பு

2023 ஜூலை 11, செவ்வாய். காலை 4.50க்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். 5.30க்குக் காப்பி. 6.40க்கு இட்லி, நான்கு. 7.20க்குக் கிளம்பி 7.45க்குப் பட்டாசுக் கம்பெனி வாசலில் இருந்தேன். பதினொரு வருடமாக அந்த வாசல் என் பொறுப்பு. வேன்களில் வந்து இறங்கும் பெண்களிடமிருந்து செல்போனை வாங்கிப் பெட்டியில் வைப்பது, ஆண்களின் சட்டைப்பையில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று பார்ப்பது, உள்ளே போகும் ஒவ்வொரு வண்டியையும் சோதித்துப் பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. இவைதான் என் வேலை.

அன்று இவற்றோடு இன்னொன்றையும் செய்தேன். முதல் வேன் வருவதற்கு முன்பே வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்ணாம்பைக் குழைத்து, வாசலுக்கு உட்புறம் இருக்கும் வேகத்தடையின் உச்சியில் விரலால் பட்டையாகப் பூசினேன். என் மனைவியின் தம்பிக்காகப் பூசியது அது.

அவன் சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிறான். எங்கள் கம்பெனிக்கு வாரத்தில் நான்கு நாள் லேபிள் கட்டுகளைக் காரில் கொண்டுவருவான். பழைய கார்தான், ஆனால் முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திவிட்டார். அதனால் சைலன்சர் குழாய் தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கியது. இரண்டு வாரத்துக்கு முன் வேகத்தடையில் விரல் நீளத்துக்கு ஒரு பளபளப்பான கோட்டைப் பார்த்தேன். இரும்பு சிமென்ட்டில் உரசினால் பொறி பறக்கும். அதே வழியில்தான் வெடிமருந்துக்கான ரசாயன மூட்டைகள் வருகின்றன. எவ்வளவு பெருக்கினாலும் தூள் கொஞ்சமாவது சிந்தியிருக்கும். உள்ளே நூற்றுக்கு மேல் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்று நாளில், "குழாயத் தாங்குற ரப்பர எடுத்துட்டு, கட்டை ரப்பர் மாட்டித் தூக்கிட்டேன் மச்சான்" என்றான். வார்த்தையை நம்பாமல் ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போய், தரையில் படுத்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முன்பு ஒன்பது சென்டிமீட்டர் இருந்தது, இப்போது பன்னிரண்டு. திருப்தியாக வந்து அந்த வாரம் நான்கு முறை பதிவேட்டில் 'சரி' எழுதினேன்.

ஆனால் கோடுகள் நிற்கவில்லை. பழையதைச் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தேன். புதிதாக நான்கு விழுந்திருந்தன. கட்டை ரப்பர் போட்டபின் காருக்குள் அதிர்வு தாங்க முடியவில்லை என்று அக்காவிடம் புலம்பியிருக்கிறான். நான் அளந்த பிறகு பழைய ரப்பரையே திரும்ப மாட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். மனைவியிடம் சொன்னதற்கு, "எந்தம்பிய திருடன் மாதிரி பாக்கீக. அவனுக்கு இந்த ஆர்டர் ஒண்ணுதான் பொழப்பு, தெரியும்ல?" என்றாள். தெரியும். அதனால்தான் மேனேஜரிடம் போவதற்கு முன் எனக்கு அத்தாட்சி வேண்டியிருந்தது.

10.20க்கு வந்தான். வழக்கம்போல் சிரித்தபடி கையசைத்துவிட்டு உள்ளே போனான். நான் பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை. கூட வேலை பார்ப்பவரை வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்டோர் ரூமுக்கு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் கட்டுகளை இறக்கிவிட்டார்கள். குனிந்து பார்த்தேன். குழாயின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

"எந்திரிங்க மச்சான், என்ன படுத்துக் கெடக்கீக?"

"ரப்பர மாத்திட்டியா?"

"ஸ்கேலு பையிலதான இருக்கு? அளங்க."

அளந்தேன். பன்னிரண்டு. மறுபடியும் அளந்தேன், பன்னிரண்டுதான். அவனும் குனிந்து குழாயில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தான், முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அக்கா புருசன்னு பாக்கேன். வேற எவனாவது சுண்ணாம்பு பூசிருந்தா நடக்கதே வேற" என்றான். நான் அப்போதும் நம்பவில்லை. வேறு ஏதாவது தந்திரம் இருக்கும் என்று காருக்கு அடியிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

லேபிள் கட்டுகளை இறக்கிய பெண்களில் வயதான ஒரு அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணாச்சி, தாள எறக்குன பெறகு அளந்தா வண்டி நிமுந்துதான நிக்கும்? ஒரு கட்ட தூக்கிப் பாருங்க, எம்புட்டு கனம்னு தெரியும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அண்ணாச்சி கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் ஸ்கேலு கொண்டு போனாகளாம்" என்றாள்.

கட்டுகளைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். பதினாறு கட்டு. காரின் பின்பக்கம் அப்படியே அமுங்கியது. அளந்தேன். எட்டரை.

தாளின் கனம் இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலிக் காரை அளந்துவிட்டு நான்கு நாள் 'சரி' போட்டவன் நான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நான்கு நாளும் இரும்பு உரசியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

மேனேஜரிடம் போய் நானே சொன்னேன். அவர், "குழாய் ஏறுறவரைக்கும் அந்தக் காரு வெளியேதான்" என்றார். ஒர்க்ஷாப்பில் பாரத்தோடு அளக்க வேண்டும் என்பதால் கட்டுகளை நான் மறுபடி இறக்கச் சொல்லவில்லை. பாரத்தோடு காரை வேகத்தடையில் விடவும் மனமில்லை. அதன்மேல் ஈரச்சாக்கை நான்காக மடித்துப் போட்டு, ஆட்களை விலக்கி, அவனை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஒரு மணிக்குச் சாத்தூர் ரோட்டிலிருந்த ஒர்க்ஷாப்பில் இருந்தோம். மெக்கானிக் குழாயை இரண்டு இடத்தில் அறுத்து, மேலே தள்ளி, புதுப் பிடி வெல்டிங் வைத்தார். "ரப்பர மட்டும் மாத்துனா என்னத்துக்கு ஆகும்ணே?" என்று மட்டும் சொன்னார். முடிந்ததும், இறக்கி வைத்திருந்த பதினாறு கட்டையும் ஏற்றி, மூன்று பேர் உள்ளே உட்கார, நான் படுத்து அளந்தேன். பதிமூன்று.

கம்பெனிக்குத் திரும்பினோம். வாசலில் நான் இறங்கும்போது, "இனிமேயாவது நம்புவீகளா மச்சான்?" என்றான்.

"நாளைக்கும் லோடு உண்டுல்ல?" என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மாலையில் பதிவேட்டை எடுத்தேன். நான்கு 'சரி'களையும், எழுத்து மறையாதபடி ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 'காலி வண்டியில் அளந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட மனைவி, மீதிச் சுண்ணாம்பு இருந்த டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

மறுநாள் காலை 7.40க்கு, செல்போன் பெட்டியைத் திறப்பதற்கும் முன்பாக, வேகத்தடையில் சுண்ணாம்பு பூசினேன்.