ஒருமுறை திறந்து காட்டியிருக்கலாம்

அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் முதலில் வருகிறது. இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது கணியூரில். தந்தையார் சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை நிறுத்திப் பழைய இரும்பு வாங்கி விற்று என்னை உலோகவியல் படிக்க வைத்தார். பிறகு வெள்ளகோவில் பக்கம் மின்வில் உலை போட்டார். மின்பொறியின் சூட்டில் பழைய இரும்பை உருக்கி எஃகாக்கும் உலை அது.

திருப்பூரில் புது நிட்டிங் மெஷின் வாங்குகிறவர்கள் பழையதை எங்களிடம் தருவார்கள். சோறு போட்ட மெஷினாம், அது உருகுவதை நின்று பார்க்க வேண்டுமாம். அண்ணனும் இரும்பு உருகிக்கொண்டிருக்கும்போதே நடுவில் உலைமூடியைத் தூக்கச் சொல்லி, அவர்கள் தொட்டுக் கும்பிட்ட சக்கரத்தைத் தனியாகப் போடுவார். திறக்கும் போதெல்லாம் சூடு கூரைக்குப் போகும். அதை மறுபடி ஏற்ற மின்சாரம் வேண்டும்.

"ஏனுங்ணா, இது ஒலையா, கோயில் குண்டமா?"

"வந்தவங்க மனசு குளுருதில்ல கண்ணு?"

"கூடவே ஒலையுமல்லங்ணா குளுருது!"

"ஒலையாச்சும் குளுருது. நீயி குளுரவே மாட்டீங்கறயே!"

மின்கட்டணம் ஏறி, ஆலையை விற்கும் நிலை வந்தபோது நிர்வாகத்தை என்னிடம் விட்டார். இரும்பை வெட்டி அழுத்திக் கட்டுகளாக்கினேன். பலமுறை மூடி திறந்து கொட்டிய சரக்கு இரண்டே தடவையில் உள்ளே போனது. கரித்தூள் செலுத்தி, உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கசடை நுரைக்க வைத்தேன். நுரை போர்த்திக்கொண்டதால் சூடு சுவருக்குப் போகாமல் இரும்புக்குள் இறங்கியது. வேடிக்கைக்காக மூடியைத் திறக்கக்கூடாது என்று சட்டமும் போட்டேன். ஆலை பிழைத்தது. செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

மருத்துவர்கள் கைவிரித்த பிறகு ஒருநாள் அண்ணன் தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆலைக்கு வந்தார்.

"ஒருக்கா தெறந்து காட்டு கண்ணு. பாத்துட்டுப் போயர்றேன்."

இரும்பு பாதி உருகியிருந்தது. "இப்பத் தெறந்தா ஹீட் கெட்டுருமுங்ணா. நாளைக்குக் காலைல சரக்குப் போடறப்ப வாங்க."

"செரி கண்ணு" என்று திரும்பிவிட்டார்.

ஆலை அவருடையது. ஆப்பரேட்டரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் திறந்திருப்பார்கள். என்னிடம் எதற்குக் கேட்டார்? நினைத்தால் இன்றும் அவர்மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. மறுநாள் அவரால் எழ முடியவில்லை. அதன்பின் எழவே இல்லை. சாகப்போகிற அண்ணனிடம் சூட்டைக் கணக்குப் பார்த்தவன் நான்.

கடைசி நாட்களில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய மருமகனுக்கும், வேலை முடிந்ததும் வந்து கால் பிடித்துவிட்ட பீகார்த் தொழிலாளர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. அண்ணியாருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அவரை ஆலைக்கு அழைத்துப்போய், ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தி மூடியைத் தூக்கச் சொன்னேன். அவர் உலைப்பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க அண்ணனுக்குத் தெறக்காதது எனக்கெதுக்குங்க? மூடச் சொல்லுங்க கொழுந்தனாரே."

மூடச் சொன்னேன்.