நெற்றியில் பதிந்த ரத்து

என் தங்கை மகள் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். போன முறை போனபோது விரல் நுனி அளவில் ஒரு ரப்பர் முத்திரையைக் காட்டினாள். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அதில் தலைமுடியை விட மெல்லிய கோடுகள் இருக்கின்றனவாம். புரதம் கலந்த நீரை அதில் தடவி, உலரவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் ஒற்றி எடுக்கிறாள். பிறகு உயிருள்ள செல்களை விட்டால், புரதம் ஒட்டிய கோடுகளில் மட்டும் அவை உட்கார்ந்துகொள்கின்றன.

"கொஞ்சம் அதிகமா அழுத்திட்டா மேடு பள்ளம் எல்லாம் ஒண்ணாயிடும் பெரியம்மா" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால் எப்படி என்று கேட்பாள்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருடம் நான் காஜா பேராங் பேட்டையில் முத்திரை செய்யும் கடையொன்றில் வேலை பார்த்தேன். கல்யாணமாகாத வயசு. ஈய எழுத்துகளைக் கோத்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன் மேல் ரப்பர் தகட்டை வைத்து, சூடான இரும்பு மெஷினில் அழுத்த வேண்டும். ரப்பர் வெந்ததும் உரித்தால் எழுத்து எழும்பி நிற்கும். அலுவலகங்களுக்கெல்லாம் பெயர் மாறிக்கொண்டிருந்த காலம். புது முத்திரை கேட்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள்.

ஓர் அலுவலகத்துக்கு 'பாத்தால்' என்று ஒரு முத்திரை. மலாயில் ரத்து என்று அர்த்தம். ரப்பர் பாதி வெந்திருக்கும்போதே முதலாளி அவசரப்பட்டு மெஷினைத் திறந்துவிட்டார். நான் வேண்டாம் என்றதை அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் அந்த அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி வந்து முத்திரையை மேசையில் எறிந்தார். ஒற்றினால் எழுத்தெல்லாம் நசுங்கி மை அப்பியது.

"இந்தப் பொண்ணு செஞ்ச வேலைங்க. சொன்னா கேக்கறதில்ல" என்றார் முதலாளி.

"மெஷினத் தொறந்தது நீங்கதானே முதலாளி" என்றேன்.

கிராணி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் முதலாளியால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். என் பின்னந்தலையைப் பிடித்தார். சாக்குகளில் குறி போடும் கறுப்பு மையில் முத்திரையைத் தோய்த்து, என் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

"போய் ஊருக்கெல்லாம் காட்டு. உன் வேலையும் பாத்தால்."

கிராணி குனிந்து என் நெற்றியைப் படித்தார். "இங்க நல்லாத்தான் விழுது" என்றார்.

அந்த மை சோப்புக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன். பிறகு செங்கல் துண்டால் தேய்த்தேன். என்னோடு வேலை செய்த, தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டி வம்சத்துப் பெண் மாலையில் தேங்காய் எண்ணெயோடு வந்து, தேய்க்காதே என்று மலாயில் கெஞ்சினாள். அதற்குள் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. வாசலில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துக் கத்தினார்கள்.

அப்பா நகராட்சியில் கால்வாய் கழுவுகிறவர். எல்லாவற்றையும் கேட்டார்.

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"

மறுநாள் காலையில் என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். முதலாளியைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கைகூப்பி நின்றார். "மன்னிச்சுக்குங்க ஐயா. இனிமே பேச மாட்டா."

முதலாளி என் பக்கம் பார்க்கவேயில்லை. "நெத்தியத் துணியால மறைச்சுக்கிட்டு வரச் சொல்லு. வர்றவங்களுக்கு அருவருப்பா இருக்கும்" என்றார்.

மறைத்துக்கொண்டு போனேன். கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் வேலை.

புருஷன் வீடு உஜோங் பாசிரில். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. எழுத்து போய், நெற்றியில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அது என்ன என்று அவர் கேட்டார். புருஷன்தானே என்று முழுவதையும் சொன்னேன். புரையேறும்வரை சிரித்தார். அன்றைக்கே கோப்பிக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் மீன் வாங்கப் போனேன். மீன்காரர் என் முகத்தைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்தார்.

புருஷன் சாகும்வரை ஒரே வீட்டில்தான் இருந்தோம். சமைத்துப் போட்டேன், பிள்ளைகளைப் பெற்றேன். என்னைப் பற்றி எதையும் அவரிடம் மறுபடி சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.