ஜரினாவிடம் கேட்ட மூன்று கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை மேற்கு தாம்பரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். வாங்கவில்லை. வழியில் ஒரு டி-ஷர்ட் என்னை நிறுத்திவிட்டது.

நடைபாதைக் கடை. கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நடிகர் முகம், கிரிக்கெட்காரர் முகம், மண்டை ஓடு... நடுவில், என்னுடைய ஐந்து பேர்! பேய் பிடித்த கிணறுகளைச் சுத்தம் செய்யத் தீவு தீவாகப் படகில் போவார்களே, அந்த ஜப்பான் அனிமே தொடரின் ஐந்து பேர். அதை நான் முதன்முதலில் பார்த்தபோது தாம்பரத்திலேயே அதைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். அப்படித்தான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாக்கா, புள்ளைக்கா? இப்ப இதான் ஓடுது. எடுத்துக்கோ, சாயம் போவாது" என்றார் கடைக்காரர்.

"இவங்கள்லாம் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கெணத்துல பேய் புடிக்கிறவனுங்கோ. எங்க வூட்டுப் பொண்ணு டெய்லி பாக்குது. தமிழ்லயே பேசறானுங்கோ... சோக்கா கீது."

எனக்குச் சுருக்கென்றது. ஏன்? அவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? ஒன்றுமில்லை. நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றை யாரோ எடுத்துத் தெருவில் தொங்கவிட்ட மாதிரி ஒரு எரிச்சல். அவ்வளவுதான்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு குரல். "ஆன்ட்டி... நீங்க எங்க அம்மாவோட ட்ரெயின் ஆன்ட்டிதானே?"

திரும்பினால் இம்ரான். ஜரினாவின் மகன். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் முதல் வருடம், ஹாஸ்டல். ஒரு வார லீவுக்கு வந்திருக்கிறான். கையில் அதே ஐந்து பேர் போட்ட டி-ஷர்ட்.

அவன் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், ஜரினாவுக்கு நான் செய்ததை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் அனிமே பைத்தியம் தெரியும். காலேஜ் முடித்த புதிதில் பிடித்தது. அப்போது தமிழும் கிடையாது, போனும் கிடையாது. கிழக்கு தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் காலையில் டவுன்லோடு போட்டுவிட்டு வந்தால் மாலையில் பாதி வந்திருக்கும். அதை சிடியில் ஏற்றி, கீழே ஓடும் அரைகுறை இங்கிலீஷைப் படித்துப் படித்துப் பார்ப்பேன்.

கிண்டலுக்குக் குறைவே இல்லை. "இந்த வயசுல பொம்மைப் படமா?" என்று என் அத்தான் ஒரு கல்யாணப் பந்தியில் சத்தமாகக் கேட்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்படி ஊர் முழுக்கக் கிண்டல் வாங்கிய பதினோரு பேர் ஒன்று சேர்ந்தோம். முதலில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் வீட்டு மாடி அறையில். பிறகு வாட்ஸ்அப் குரூப்பில். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். ஒன்று, முதலில் எதைப் பார்த்தாய்? இரண்டு, எந்த மொழியில் பார்த்தாய்? மூன்று, பிடித்த எபிசோட் எது? கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் 'சரியான' விடை இருந்தது. அது வராவிட்டால் ஒரு சிரிப்பு பொம்மையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த மூன்றாவது கேள்வியைச் சேர்த்த புண்ணியவதி நான்தான்.

ஜரினா விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தாம்பரத்தில் ஏறுவேன். ஜரினா பொழிச்சலூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பல்லாவரத்தில் ஏறுவாள். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் என் கைப்பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். அவளுக்கு மாம்பலத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. ஆறு வருடப் பழக்கம். அவள் வீட்டு பிரியாணி எங்கள் வீட்டுக்கும், என் வீட்டு அதிரசம் அவள் வீட்டுக்கும் தவறாமல் போகும்.

போன ஜூலையில் ஒருநாள் காதில் இயர்போனோடு ஏறினாள். எட்டிப் பார்த்தால், என் ஐந்து பேர். தமிழில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஜரினா, நீ எப்படி இதுல?"

கொஞ்சம் வெட்கப்பட்டாள். "இம்ரான் இதைத்தான்கா பார்க்கிறான். ஹாஸ்டல் போனதுலேர்ந்து போன்ல பேச்சே இல்ல. சாப்டியான்னு கேட்டா சாப்டேன்ங்கிறான். உடம்பு நல்லாருக்கான்னா நல்லாருக்குங்கிறான். அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருக்கோம். அவன் பார்க்கிறதை நானும் பார்த்தா... ஏதாவது பேசலாம் இல்ல?"

எவ்வளவு பெரிய காரியம்! நாற்பத்து மூன்று வயதில், வேலைக்குப் போகும் வழியில், ஒரு நாளைக்கு ஒரு எபிசோட். பல்லாவரத்தில் உட்கார்ந்து தட்டினால் சைதாப்பேட்டை தாண்டும்போது முடியும். இரண்டு மாதத்தில் நாற்பது எபிசோடுகளைத் தாண்டிவிட்டாள். மகனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. "இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு சொல்றேன்கா, அசந்துடுவான்" என்று சிரிப்பாள்.

நான் கட்டிப்பிடித்துக் கொண்டாடியிருக்க வேண்டும்தானே? எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'இருபது வருஷம் நான் கஷ்டப்பட்டேன்... இவளுக்கு மடியில் வந்து விழுகிறது.' எழுதவே கூசுகிறது. ஆனால் தோன்றியது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மீனம்பாக்கத்தில் ஏறும் கலா டீச்சர் சுண்டல் கொண்டு வந்திருந்தார். எல்லோரும் குஷியாக இருந்தோம். "ஜரினாவும் இப்ப உங்க ஜப்பான் கட்சிதானே?" என்றார் டீச்சர். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்படிச் சும்மா சேர்த்துக்க மாட்டோம். மூணு கேள்வி இருக்கு!" என்றேன்.

விளையாட்டாகத்தான் கேட்டேன். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் எதைப் பார்த்தாய்? "இதைத்தான்கா." எந்த மொழியில்? "தமிழ்ல." ரெண்டு போச்சு என்று விரலை மடக்கினேன். டீச்சர் சிரித்தார். ஜரினாவும் சிரித்தாள். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கஞ்சி எபிசோடுக்கா! பாய்மரம் கிழிஞ்சு, அஞ்சு பேரும் மழையில மணல்திட்டுல மாட்டிக்குவாங்களே. இருக்கிற அரிசியைப் போட்டு சமையக்கார அண்ணன் கஞ்சி காய்ச்சுவாரு. பார்க்க எங்க நோன்புக் கஞ்சி மாதிரியே இருக்கும். மழை நாள்ல எங்க வீட்ல என்ன செய்வாங்கன்னு ஒவ்வொருத்தரும் சொல்லுவாங்க. அந்த முரடன் மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டான். கிண்ணத்தை நீட்டி இன்னொரு கரண்டி கேப்பான். எனக்கு இம்ரான் நெனப்பு வந்துடுச்சுக்கா. அவனும் நல்லாருக்குன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டான். தட்டைத்தான் நீட்டுவான்."

டீச்சர் கையில் சுண்டல் அப்படியே நின்றது.

நான் வாயைத் திறந்தேன். "ஐயோ ஜரினா... அது ஃபில்லர்! மூலக்கதைப் புத்தகத்துலயே கிடையாது. டிவிக்காக நடுவுல சேர்த்தது. எங்க ஆளுங்க அதைத் தாண்டிட்டுப் போயிடுவோம். கணக்குலயே வராது. இம்ரான் முன்னாடி இதைச் சொல்லி வைக்காதே, சிரிப்பான்."

அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி போன வேகம் இருக்கிறதே... "அப்படியாக்கா? எனக்குத் தெரியாதே" என்றாள். ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டாள். மாம்பலம் வந்தது. இறங்கிப் போனாள்.

இதோடு விட்டேனா? திங்கட்கிழமை அவளே கேட்டாள். "எதெல்லாம் கணக்குல வரும்னு எழுதிக் குடுங்கக்கா." நானும் பெருமையாக இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்! இதை முதலில் பார், இதிலிருந்து இது வரை தாண்டு, முடிந்தால் ஜப்பான் மொழியிலேயே பார்... அந்தத் தாளை நாலாக மடித்து ரயில் பாஸோடு வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எபிசோட் போட்டாள். அப்புறம் இயர்போன் வெளியே வரவேயில்லை. கேட்டால், "கிளினிக்ல வேலை ஜாஸ்திக்கா." நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

இப்போது டி-ஷர்ட் கடை. இம்ரானிடம், "உனக்கு எந்த எபிசோடுப்பா பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

"யாரும் பெருசா சொல்ல மாட்டாங்க ஆன்ட்டி. கஞ்சி காய்ச்சுவாங்களே, அது. ஹாஸ்டல்ல மழை பெஞ்சா நானும் ரூம்மேட்டும் அதைத்தான் போட்டுப் பார்ப்போம். வீட்டு ஞாபகம் வரும்."

அவசரமாகக் கேட்டேன். "அம்மாகிட்ட சொல்லியிருக்கியா?"

"அம்மாவா? அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது ஆன்ட்டி. முந்தாநாள் நான் பார்த்துக்கிட்டிருந்தப்ப டீ கொண்டாந்தாங்க. அந்த எபிசோடுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு போயிட்டாங்க."

'உங்க அம்மா நாற்பது எபிசோடுக்கு மேல பார்த்திருக்காடா' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்து என்ன கேட்பான்? அப்புறம் ஏன் நிறுத்தினாங்க? அதற்கான பதில் அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. எதையோ உளறிவிட்டு முருங்கைக்காய் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன். ஜரினாவே சொல்லட்டும், அதுதான் அழகு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அழகெல்லாம் இல்லை, பயம்.

நாம் விரும்பும் ஒன்று நாலு பேருக்குத் தெரிந்தால் நாம் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் பலர் காவல்காரராகிவிடுகிறோம். ஒருகாலத்தில் கிண்டல் வாங்கியவருக்கு அது எப்படி வலிக்கும் என்று தெரியும், அதனால் அடுத்தவரைக் கிண்டல் செய்ய மாட்டார் என்றுதானே நினைப்போம்? எனக்கு உல்டாவாகத்தான் வேலை செய்தது. அத்தானிடம் வாங்கியதைப் பத்திரமாக வைத்திருந்து, ஜரினாவிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ரயிலில் அவள் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இம்ரான் சொன்னது, மழை, ரூம்மேட், வீட்டு ஞாபகம். மன்னிப்பும் கேட்டேன்.

"நெசமாவாக்கா? அந்தக் கஞ்சியா? அதேவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. என்மேல் கோபமே வரவில்லை அவளுக்கு. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னைக்கே வீட்டுக்குப் போய்ப் பேசு ஜரினா."

"நேத்து சாயங்காலமே கிளம்பிட்டான்கா."

"போன்ல பேசேன். இப்பவே!"

போனை எடுத்தாள். மகன் பெயர் வரை போனாள். விரல் அப்படியே நின்றது. பரங்கிமலை போய்விட்டது. கிண்டி வந்துவிட்டது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா... அது ஃபில்லர்னு எனக்குத் தெரியும்னு மொதல்லயே சொல்லிடணுமா? அந்த முரடன் பேரை நான் சொல்றது கரெக்ட்டான்னு தெரியல. உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டறேன், சரி பாருங்க."

"எப்படிச் சொன்னாலும் சரிதான் ஜரினா. நான் சொன்னதையெல்லாம் தூக்கிப் போடு. அவனுக்கு நீ பேசினா போதும்."

"இல்லக்கா, தப்பா ஏதாவது சொல்லிட்டா அசிங்கமாயிடும். விட்டுப் போனதையெல்லாம் பார்த்து முடிச்சுட்டு தைரியமா பேசுறேன்." பாஸ் கவரிலிருந்து நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பிரித்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. அதைப் பிடுங்கப் போனேன். கொடுக்கவில்லை.

திங்கள் போய் இன்று வியாழன். ஜரினா இன்னும் மகனைக் கூப்பிடவில்லை... படித்துக்கொண்டிருக்கிறாள்.