ஒரு பக்கம் மட்டும் சங்கிலி

கம்பெனி பஸ் காலையில் ஆறே காலுக்குத் திருவள்ளூரில் என்னை ஏற்றிக்கொள்ளும். தேர்வாய் கண்டிகையில் இருக்கும் ஆலைக்குப் போய்ச் சேரும்வரை மடியில் வேதத்தை விரித்து, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து படிப்பேன். அன்றைக்குப் படித்தபடி அன்றைக்கு நடப்பது என்று ஞானஸ்நானம் எடுத்த வருடம் முடிவு செய்திருந்தேன். பழைய பைக்கை விற்றபோது இன்ஜினில் ஆயில் கசிவதை நானே சொன்னேன். வாங்க வந்தவர் அப்படியே திரும்பிப் போனார். "அவரு கேக்கவே இல்லியே" என்றாள் மனைவி.

போன மாதம், எங்கள் ஆலையில் புதுத் தொட்டி ஒன்றை கிரேனில் இறக்குவதற்காக மேல்தளத்தின் இரண்டு பக்கத்திலும் கம்பித் தடுப்பை வெட்டி எடுத்தார்கள். தொட்டி வந்து உட்கார்ந்தது. தடுப்பு திரும்ப வரவில்லை. கீழே பதினைந்தடி ஆழத்தில் சிமெண்ட் தரை. வாரம் ஒருமுறை எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவது, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரான என் வேலை.

அதற்கடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் நான் படித்தது மோசேயின் சட்டங்களில் ஒன்று. வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று இருந்தது. ஆலைக்குப் போனதும் மேனேஜரிடம் படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தேன்.

"தடுப்பு வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் லைனை நிறுத்தச் சொல்றீங்களா?"

"எனக்குத் தெரியாது சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. மறுநாள் என்னை ஸ்டோருக்கு மாற்றினார். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வரும் நண்பர் என் இடத்துக்குப் போனார், கையெழுத்தும் போட்டார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க பா. உன்ன மாரி புக்கப் பாத்துக்கினு என்னால வாழ முடியாது" என்றார் அவர்.

என் கை சுத்தம் என்ற நிம்மதி மூன்று நாள் இருந்தது. ஸ்டோர் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த மேல்தளம். தினமும் இரண்டு வேளை ஒப்பந்தக் கூலிக்குப் பெருக்க வரும் அக்கா ஒருவர் துடைப்பமும் வாளியுமாக அங்கே ஏறுவார். ஓரத்தில் குனிந்து கூட்டுவார். அவர் இறங்கும்வரை எனக்கு எண்ணிக்கை தப்பிவிடும். எழுதிய சாமானையே திரும்பவும் எழுதுவேன். ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "ஓரமா போவாதக்கா" என்றேன்.

"போவாம எப்டி சார் பெருக்கறது?" என்று சிரித்தார்.

நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகி மேல்தளம் பளபளத்தது. அன்று காலை பஸ்ஸில் புதுப் பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை. பழைய பக்கத்தையே எடுத்தேன். இப்போதுதான் உறைத்தது. கையெழுத்துப் போடாதே என்று அங்கே எங்கும் இல்லை. கட்டு என்றுதான் இருந்தது. நான் எனக்கு வேண்டியதை மட்டும் படித்திருக்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் ஸ்டோரில் கிடந்த சங்கிலியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல் ஏறினேன். தூணுக்குத் தூண் இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டினேன். ஒரு பக்கம் முடிந்தபோது சங்கிலியும் முடிந்தது. மறுபக்கம் திறந்தே கிடந்தது. அதன் ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். கயிறாவது கட்டலாம் என்று தோன்றியது. ஷிப்ட் முடிய பத்து நிமிடம்தான் இருந்தது, பஸ் போய்விடும். நாளைக்குக் கும்மிடிப்பூண்டியில் மீதிச் சங்கிலி வாங்கிக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு வாளி விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்தில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார்.

"வழுக்கிச்சு சார். அந்தாண்ட சங்கிலி கட்டிக்கிறத பாத்தேன். இந்தாண்டயும் கட்டிட்டாங்கன்னு நெனச்சிக்கினு, பிடிக்கலாம்னு கைய நீட்னேன். ஒண்ணுமில்ல."

அதைக் கட்டியது யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வாய் எடுத்தேன். மகள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"முழுசா கட்டிருக்கலாம் இல்ல" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை.

அந்த வாரமே இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டதற்காக என் நண்பரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக்காக என்னையும் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்தது, நான்கு நாள் சும்மா இருந்தது, பாதி கட்டியது, பஸ்ஸைப் பிடிக்க இறங்கியது எல்லாவற்றையும் எழுதினேன். மேனேஜர் நின்றபடியே படித்தார்.

"இதைக் கொடுத்தா உங்களையும் விட மாட்டாங்க. கடைசிப் பக்கத்தை எடுத்துடுங்க."

நான் எடுக்காமலே கொடுத்தேன். வியாழக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை.